பெயரிட்டு வரும் பொதுக் கடிதம்

ஒரு நிறுவனம் தன் வேண்டுகோளை அச்சிட்டு, பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியலொன்றைக் கொண்டு, முன்பின் அறியாத பல்லாயிரம் பேருக்குத் தனித்தனி உறையில் அனுப்பும் முறை வணிக உலகில் நேரடி அஞ்சல் விளம்பரம் எனப்படுகிறது. மின்னஞ்சலும் கைப்பேசிச் செய்தியும் ஏறத்தாழச் செலவின்றி எவரையும் எட்டிவிடும் இக்காலத்தில் அம்முறை இன்னும் பலன் தருகிறதா என்று கேட்டால், அத்துறையினர் மறுமொழி வீதத்தைக் காட்டுவர். அதாவது, அனுப்பிய கடிதங்களுள் நூற்றுக்கு எத்தனை, பணமாகவோ கொள்முதலாகவோ திரும்பி வந்தன என்ற கணக்கை எடுத்து வைப்பர். அந்தக் கணக்கில் காகிதம் இன்னும் தோற்றுவிடவில்லை. அமெரிக்க அஞ்சல் துறை கையாண்ட உருப்படிகள் 2006இல் சுமார் 21,300 கோடியாக உச்சம் தொட்டு 2023இல் சுமார் 11,600 கோடியாகச் சுருங்கிவிட்டன என்றாலும், எஞ்சியவற்றில் பாதிக்கு மேற்பட்டவை விளம்பர அஞ்சலே. உறவினரும் நண்பரும் கடிதம் எழுதுவதை விட்ட பின்னும் அந்நியர் விடவில்லை.

இம்முறையை வணிகர்களுக்கு இணையாகவும், சில கட்டங்களில் அவர்களுக்கு முன்னோடியாகவும் கையாண்டவை சமய அமைப்புகள் என்பதால், மறுமொழி வீதத்தால் விடை காண முடியாத ஒரு கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஒன்று, ஒருவருடைய பெயரை மேலே தாங்கி வருவதாலேயே அவரை அழைத்ததாக ஆகிவிடுமா? வணிகருக்கு இக்கேள்வி தேவையற்றது; சோப்பு விற்றால் போதும். மனிதரைப் பெயர் சொல்லி அழைக்கும் இறைவனைப் பற்றிப் பேசும் ஓர் அமைப்பு, தானும் அவ்வாறே அழைப்பதாகச் சொல்லிக்கொள்ளும்போது, இக்கேள்வியைத் தவிர்க்க அதற்கு வழியில்லை.

கிறித்தவ மரபில் இச்சிக்கல் புதிய ஏற்பாட்டிலேயே தொடங்குகிறது. புனித பவுலின் பெயரால் வழங்கும் எபேசியர் நிருபத்தின் முதல் வசனத்தில் எபேசு நகரைக் குறிக்கும் சொற்கள், மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இடம்பெறவில்லை. பவுல் நெடுங்காலம் வாழ்ந்த நகரத்தாருக்கு எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிருபத்தில் தனிமனிதர் எவருக்கும் வாழ்த்துரை இல்லாதிருப்பதும் அறிஞர்களை உறுத்தியது. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர் இதற்கு ஒரு விளக்கம் கூறினார்: அது பல திருச்சபைகளுக்கும் சுற்றுக்கு விடப்பட்ட கடிதம், ஊர்ப் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது, அந்தந்த ஊரில் வாசித்தோர் அதை நிரப்பிக்கொண்டனர் என்பது அவர் கருத்து. இக்கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும், கொலோசெயர் நிருபத்தின் இறுதியில், இக்கடிதத்தை லவோதிக்கேயாவில் வாசிக்கவும் அங்கிருந்து வரும் கடிதத்தை இங்கு வாசிக்கவும் சொல்லப்பட்டிருப்பதால், ஒருவருக்கு எழுதியது பிறருக்கும் உரியது என்ற பழக்கம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதில் ஐயமில்லை. அஷரின் விளக்கம் சரியென்று கொண்டால், வெற்றிடம் விட்டவர் அனுப்பியவர், நிரப்பியவர் கேட்டவர். இந்த வரிசைமுறை பின்னர் தலைகீழானது.

அச்சுக்கலை ஐரோப்பாவில் தோன்றிய உடனேயே வெற்றிடம் விட்ட படிவமும் தோன்றியது. குட்டன்பர்க்கின் விவிலியம் வெளிவரும் முன்னரே மைன்ஸ் நகரில் பாவமன்னிப்புச் சீட்டுகள் அச்சாயின. பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டவருக்கு, அப்பாவத்துக்காக இன்னும் அனுபவிக்க வேண்டியிருந்த தண்டனையிலிருந்து திருச்சபை வழங்கும் விடுதலைக்கான சான்றே இச்சீட்டு; துருக்கியருக்கு எதிராகச் சைப்ரஸ் தீவைக் காக்க நிதி திரட்டுவதற்காக இது வழங்கப்பட்டது. வாசகம் முழுவதும் அச்சில் இருக்க, பெற்றவரின் பெயரையும் நாளையும் கையால் எழுத மட்டும் இடம் விடப்பட்டது. நாள் குறிக்கப்பட்டவற்றுள் மிகப் பழையது 1454ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் எர்ஃபுர்ட் நகரில் வழங்கப்பட்டது. மேலை உலகின் அச்சு வரலாற்றில் நாள் தெரிந்த முதல் பொருள்களுள் ஒன்று, பெயர் நிரப்பப்பட்ட நிதிதிரட்டுப் படிவம் என்பது இன்றைய அஞ்சல் விளம்பரத்தார் பெருமைப்படக்கூடிய செய்தி. ஆனாலும் அச்சீட்டை வாங்கியவர் தாமே நடந்து வந்து, காசு கொடுத்து, தம் பெயரைச் சொல்லி எழுதச் செய்தார். அவர் கேட்காமல் அவர் பெயர் அதில் ஏறவில்லை.

இத்தகைய சீட்டுகளை எதிர்த்த மார்ட்டின் லூதரின் சினம் அச்சின் மீதன்று; அந்தத் தாள் தரும் உறுதியே மீட்புக்குப் போதும் என்று எளிய மக்கள் நம்பிவிட்டனர் என்பதே அவர் மனக்குறை. 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட்டுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் ஸ்டாக்ஹோம் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. புகழ்பெற்ற 95 கருத்துரைகளை அவர் அதனுடன் இணைத்திருந்தார். பேராயர் அவற்றை இறையியலாளரின் ஆய்வுக்கும் ரோமாபுரிக்கும் அனுப்பி வைத்தார். ஒருவருக்கென்று எழுதிய கடிதம் மேலிடத்துக் கோப்பாகிப்போக, யாருக்கென்றும் குறிக்காமல் அச்சேறிய அதே கருத்துரைகள் நாடெங்கும் பரவி, படித்தவர் ஒவ்வொருவரையும் பதில் சொல்ல வைத்தன. தனிக்கடிதம் உயர்ந்தது, பொதுக்கடிதம் தாழ்ந்தது என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

மெய்யியலில் இச்சிக்கலின் வேர் பிளேட்டோவின் பைட்ரஸ் உரையாடலில் இருக்கிறது. எழுத்தின் மீது அங்கே சாக்ரட்டீஸ் இரண்டு குறைகளைச் சுமத்துகிறார். எழுதப்பட்டது எங்கும் அலைந்து, தகுதியுடையவரிடமும் தொடர்பற்றவரிடமும் ஒரே மாதிரி சேர்கிறது. யாரிடம் பேச வேண்டும், யாரிடம் மௌனம் காக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது என்பது முதற்குறை. கேள்வி கேட்டால் சொன்னதையே திரும்பச் சொல்லும், தாக்கப்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அதனைப் பெற்ற தந்தை வந்தாக வேண்டும் என்பது இரண்டாவது. நேரடி அஞ்சல் துறையின் ஒரு நூற்றாண்டு உழைப்பு முழுவதும் முதற்குறையைப் போக்குவதிலேயே சென்றிருக்கிறது. வயது, வருமானம், வாழும் பகுதி, சென்ற ஆண்டு கொடுத்த தொகை, அதைக் கொடுத்த மாதம் என்று பட்டியல்களைச் சலித்து, யாரிடம் பேசலாம், யாரிடம் பேசிப் பயனில்லை என்பதைச் சாக்ரட்டீஸ் எண்ணியும் பார்த்திராத நுட்பத்துடன் அத்துறை கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவது குறையை அது தொடவே இல்லை. கேள்வி கேட்டால் கடிதம் சொன்னதையே சொல்கிறது. அடுத்த மாதம் மீண்டும் சொல்கிறது.

டேனிய மெய்யியலாளர் கியர்க்ககோர் 1843 முதல் வெளியிட்ட பக்தி உரைத் தொகுப்புகளின் முன்னுரைகளில், அந்நூல்கள் தேடிச் செல்வது ஒரே ஒரு தனியாளை என்று எழுதினார். அச்சிட்டுக் கடையில் விற்கும் நூலை ஒருவருக்கே உரியதென்பது முரணாகத் தோன்றினாலும், அந்த ஒருவர் யாரென்று தமக்குத் தெரிந்ததாக அவர் பாசாங்கு செய்யவில்லை. இடத்தை வெறுமையாக விட்டு, படிப்பவர் தாமாக வந்து அதில் நிற்கட்டும் என்று காத்திருந்தார். முகவரிப் பட்டியலோ ஒருவர் வரும் முன்பே அவருடைய இடத்தில் அவர் பெயரை நிரப்பிவிடுகிறது. மார்ட்டின் பூபர் 1923இல் வெளியிட்ட நூலில், எதிரே இருப்பவரை ‘நீ’ என்று எதிர்கொள்ளும் உறவையும், ‘அது’ என்று பொருளாகக் கையாளும் உறவையும் வேறுபடுத்தினார். அப்பகுப்பைக் கொண்டு பார்த்தால், நேரடி அஞ்சல், ‘அது’ என்று வகைப்படுத்தப்பட்டவரை ‘நீ’ என்ற இலக்கணத்தில் விளிக்கும் எழுத்து என்று கூறலாம்.

இந்த அளவில் நின்றுவிட்டால் தீர்ப்பு எளிது. வரலாறு அதை எளிதாக இருக்க விடவில்லை. நேரடி அஞ்சல் இயக்கத்தின் முதற் பெரும் எடுத்துக்காட்டாகப் பலர் சுட்டுவது 1835இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் நடத்திய அஞ்சல் இயக்கம். நியூயார்க்கின் வணிகச் சகோதரர்களும் ஆழ்ந்த சமயப் பற்றாளர்களுமான ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் ஆகியோர் அதன் முதுகெலும்பு. நீராவி அச்சு இயந்திரம் அச்சிடும் செலவைக் குறைத்திருந்த வேளையில், தென்மாநிலங்களின் போதகர்கள், அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரின் பெயர்களைத் திரட்டி, அவர்கள் கேட்காத இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அவர்கள் பெயருக்கே அனுப்பினர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மட்டும் நியூயார்க் அஞ்சலகம் வழியே சுமார் 1,75,000 பிரதிகள் சென்றன. ஜூலை 29 இரவு சார்ல்ஸ்டன் நகர அஞ்சலகத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அந்தப் பைகளைக் கைப்பற்றியது. மறுநாள் மாலை பெருங்கூட்டத்தின் முன்னிலையில், டாப்பன் முதலியோரின் கொடும்பாவிகளோடு அவை எரிக்கப்பட்டன. அஞ்சல் துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல், சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருப்பது உண்மையாயினும் தாம் வாழும் சமூகத்துக்கு அதனினும் மேலான கடமை உண்டு என்ற பொருள்பட எழுதி, அவற்றைப் பட்டுவாடா செய்ய அஞ்சலக அதிகாரிகள் மறுத்ததைக் கண்டும் காணாமலும் விட்டார். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அவ்வாண்டு டிசம்பரில் இத்தகைய பிரசுரங்களைத் தடைசெய்யும் சட்டம் வேண்டுமென்று நாடாளுமன்றத்தைக் கேட்டார். நாடாளுமன்றமோ 1836இல் அஞ்சலைத் தடுத்து வைப்பதையே குற்றமாக்கியது. ஆனால் தெற்கில் அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

மறுமொழி வீதப்படி இவ்வியக்கம் முழுத் தோல்வி. மனம் மாறிய தென்மாநிலத்தவர் மிகச் சிலரே. ஆனால் அஞ்சலைக் கூட எரிக்கத் துணிந்த அடிமைமுறை, அதுவரை அக்கறையின்றி இருந்த வடமாநிலத்தாரின் உரிமையையும் தீண்டுகிறது என்ற உணர்வு பரவ அந்தத் தீயே காரணமாயிற்று. சங்கம் அடுத்து நாடாளுமன்றத்துக்கு மனுக்களைக் குவிக்கும் இயக்கத்தில் இறங்கியது. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அக்கடிதங்களும் அச்சிட்டவையே, பட்டியல் பார்த்து அனுப்பியவையே, பெறுநரைத் தனிப்பட அறியாதவர் அனுப்பியவையே. எனினும் அவை பெறுநரை உண்மையாகவே அழைத்தன. காரணம், பெறுநரிடம் அவை எதிர்பார்த்தது பணத்தையன்று, ஒரு விடையை; அந்த விடை கொடும்பாவியாகவும் கொலை மிரட்டலாகவும் வந்தபோது அதை ஏற்க அனுப்பியவர்கள் பெயரோடும் முகவரியோடும் நியூயார்க்கில் இருந்தனர். சாக்ரட்டீஸ் கேட்ட தந்தை அங்கே இருந்தார். (அக்கடிதங்கள் யாரைப் பற்றியனவோ அவர்களுக்கு, அதாவது அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுக்கு, அஞ்சலில் கடிதம் பெறும் நிலையே இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது.) ஆகவே ஒரு பொதுக்கடிதம் ஒருவரை அழைக்கிறதா என்பதை அதன் வாசகம் எத்தனை பேருக்குப் பொது என்பதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது, பதில் வந்தால் ஏற்க அதன் பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதைக் கொண்டே முடிவு செய்ய இயலும்.

இந்த அளவுகோலால் 20ஆம் நூற்றாண்டின் சமய அஞ்சலை அளந்தால் வேறுபாடு புலப்படும். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கத்தோலிக்கச் சபைகளும் பிற நற்பணி அமைப்புகளும் வேண்டுகோளுடன் ஒரு சிறு பொருளையும் சேர்த்தனுப்பக் கற்றுக்கொண்டன: செபமாலை, புனிதர் பதக்கம், வாழ்த்து அட்டை, பெறுநரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட ஒட்டுத்தாள். கேளாமல் வந்த பரிசு பெற்றவரின் மனத்தில் ஒரு கடனுணர்வை உண்டாக்குகிறது என்பதை மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றிய தம் ஆய்வில் விளக்கியிருந்தார். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் வெளியிட்ட நூலில் தரும் கணக்கு இன்னும் துல்லியமானது: உடல் ஊனமுற்ற படைவீரர்களுக்கான அமெரிக்க அமைப்பொன்றின் வெறும் வேண்டுகோளுக்கு நூற்றுக்குச் சுமார் 18 பேர் கொடுத்தனர், ஒட்டுத்தாள்களைச் சேர்த்தனுப்பியபோது அது 35 ஆயிற்று. திருக்குறளின் ஈகை அதிகாரம், இல்லாதவருக்குக் கொடுப்பதையே ஈகையென்று கொண்டு, மற்றவற்றையெல்லாம் குறியெதிர்ப்பையின் பாற்படுத்துகிறது. அளவு குறித்துக் கொடுத்து அதே அளவில் திரும்பப் பெறும் கைமாற்றே குறியெதிர்ப்பை. கீதையின் 17ஆம் அத்தியாயமும் கைம்மாறு கருதிய தானத்தை இரண்டாம் தரத்தில் வைக்கிறது. ஒட்டுத்தாள் அந்தக் கைமாற்றைவிடவும் ஒரு படி கீழானது, ஏனெனில் கைமாற்றில் இருவரும் அறிந்தே ஈடுபடுகின்றனர்.

அமெரிக்கச் சட்டமும் இதில் விசித்திரமாக நடந்துகொண்டது. 1970ஆம் ஆண்டின் அஞ்சல் மறுசீரமைப்புச் சட்டம், கேளாத சரக்கை அனுப்பிப் பணம் கேட்பதை நேர்மையற்ற வணிகம் என்று தடுத்தது. ஆனால் நன்கொடை வேண்டும் அறநிலையங்களுக்கு அதில் விலக்களித்தது. வணிகருக்குக் குற்றமானது அறத்தின் பெயரால் செய்வோருக்கு ஆகும் என்பது அதன் பொருள். பெற்றவர் அப்பொருளைக் கடமை ஏதுமின்றி அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. செபமாலையைக் குப்பையில் போட மனம் வராத ஒரு மூதாட்டிக்கு அந்த உரிமையால் என்ன பயன் என்பதைச் சட்டம் ஆராயவில்லை. அவர் மனம் வராது என்பதை அனுப்பியவர் அறிவார்.

1970களின் நடுவில் பல்லோட்டைன் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் பால்டிமோர் நகரக் கிளை, பட்டினியால் வாடும் குழந்தைகளின் பெயரால் அஞ்சல் வழியே ஒன்றரை ஆண்டுகளில் சுமார் 2 கோடி டாலர் திரட்டியதும், அதில் மறைபரப்புப் பணிகளுக்குச் சென்றது மிகச் சிறு விழுக்காடே என்பதும் வெளிவந்து, அமெரிக்க ஆயர்கள் 1977இல் நிதிதிரட்டலுக்கென நெறிமுறைகளை வகுக்க நேர்ந்தது. இத்தகைய ஊழல்களைச் சட்டமும் தணிக்கையும் பார்த்துக்கொள்ளும். மெய்யியல் நோக்கில் அதைவிடக் கடுமையானது 1991இல் ஏபிசி தொலைக்காட்சி, போதகர் ராபர்ட் டில்டன் மீது ஒளிபரப்பிய குற்றச்சாட்டு. மக்கள் தம் நோயையும் கடனையும் பிள்ளைகளின் துயரையும் எழுதி, செபிக்க வேண்டி அனுப்பிய கடிதங்கள், பணம் எடுக்கப்பட்ட பின் குப்பைத் தொட்டியில் கிடந்தன என்றது அந்நிகழ்ச்சி. டில்டன் அதை மறுத்தார்; அவர் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. ஒரு தனிமனிதரின் நடத்தை எவ்வாறாயினும், அக்குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியதற்குக் காரணம் பணமன்று. பொய்யான விளியை உண்மையென்று நம்பி ஒருவர் எழுதும் பதில் உண்மையான பதில். இயந்திரம் அழைத்தாலும் பதிலளித்தவர் மனிதர்.

அழைக்கப்படாதிருக்கும் உரிமை பற்றியும் இங்கே ஒரு சொல் தேவை. அஞ்சல் மறுசீரமைப்புச் சட்டம் வந்த அதே 1970இல் ரோவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விரும்பாத பெறுநரின் அஞ்சற்பெட்டியோடு அனுப்புபவரின் உரிமை முடிந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய அத்தீர்ப்பின்படி, எது தமக்கு வேண்டாதது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் வீட்டுக்காரரிடமே உள்ளது. இதைச் சார்ல்ஸ்டன் தீயோடு சேர்த்துப் பார்க்கலாகாது. தமக்கு வந்ததைத் தாம் மறுப்பதும் ஒரு விடையே. பிறருக்கு வந்ததை அவர் காணும் முன் எரிப்பது, அவர் விடையளிக்கும் வாய்ப்பைப் பறிப்பது.

மின்னணுக் காலம் இதில் எதை மாற்றியிருக்கிறது? 1994 ஜனவரியில் யூஸ்நெட் என்ற கணினி உரையாடல் வலையமைப்பின் குழுக்கள் அனைத்திலும், தலைப்புக்குத் தொடர்பின்றி, ஒரே செய்தி இடப்பட்டது. அவ்வலையமைப்பு முழுவதையும் நிறைத்த முதல் வேண்டாச் செய்தியாக அறியப்படும் அது, இயேசுவின் வருகை அண்மித்துவிட்டது என்ற சமய எச்சரிக்கை. விற்பனையாளர்கள் அதே வழியில் பெருமளவில் நுழைந்தது சில மாதங்களுக்குப் பின்னரே. செலவு அறவே நீங்கியபோது சமயமே முந்திக்கொண்டது என்பது தற்செயலன்று: உலகத்தார் அனைவருக்கும் உரிய செய்தி தம்மிடம் உண்டென நம்புவோருக்கு, அனைவருக்கும் இலவசமாக அனுப்பும் வாய்ப்பு அருளாகவே தோன்றும். ஆனால் செலவு நீங்கியபோது அதனோடு ஒரு சாட்சியமும் நீங்கியது. தமிழ்நாட்டில், கடவுளின் பெயரால் அஞ்சலட்டையில் சுற்றிவந்து, இத்தனை பேருக்கு எழுதினால் நன்மை, எழுதாவிட்டால் கேடு என்று மிரட்டிய தொடர் கடிதங்களுக்குக் கூட, கையால் நகலெடுக்கும் உழைப்பு ஏறத்தாழ ஒரு வேண்டுதலின் தன்மையைத் தந்தது. ஸ்ரீராமஜெயம் எழுதுவோருக்கு அவ்வுழைப்பின் பொருள் விளங்கும். அதே வாசகம் வாட்ஸ்அப்பில் ஒரு விரல் தட்டலில் பரவும்போது மிரட்டல் மட்டுமே மிஞ்சுகிறது. இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கொள்ளுமாறு திருமண அழைப்பிதழில் அச்சிடும் தமிழ் வழக்கம், தாள் நடைப்பயணத்துக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையையாவது கொண்டிருந்தது.

காகித அஞ்சல் இன்றும் பலன் தருவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது எனலாம். தாளும் தபால்தலையும் சுமந்து வந்த கையும், யாரோ ஒருவர் தமக்காகச் சிறிது செலவிட்டார் என்று பெறுநரை எண்ண வைக்கின்றன. பல நூற்றாண்டுகளாக உண்மைக் கடிதங்கள் ஈட்டிவைத்த அந்த நம்பிக்கை என்னும் முதலிலிருந்துதான் விளம்பர அஞ்சல் எடுத்துச் செலவழிக்கிறது, தன் பங்குக்கு எதையும் அதில் சேர்ப்பதில்லை. தனியாக வாழும் முதியவர்களிடம் அது மிகுதியாகப் பலிப்பதும் அதனாலேயே. அவர்கள் அந்த முதல் சேர்ந்த காலத்தில் வளர்ந்தவர்கள். கடிதமே எழுதியிராத தலைமுறை முதுமையடையும்போது இந்த வாய்ப்பு எஞ்சியிருக்குமா என்று ஐயுற இடமுண்டு.

இப்போது இன்னொரு திருப்பமும் நேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மொழிக்கருவிகள், பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் உண்மையிலேயே வெவ்வேறான கடிதத்தை எழுதவும், அவர் பதில் எழுதினால் அதற்கேற்ற மறுபதிலை அளிக்கவும் வல்லவை. சாக்ரட்டீசின் இரண்டு குறைகளும் இதனால் மேற்பார்வைக்குத் தீர்ந்துவிடுகின்றன: யாரிடம் பேச வேண்டும் என்று எழுத்துக்குத் தெரிந்துவிட்டது, கேட்டால் சொன்னதையே சொல்வதும் இல்லை. ஆனால் அவர் கேட்டது பதிலை மட்டுமன்று, எழுத்துக்குத் துணையாக வந்து நிற்கும் தந்தையையும். வாக்குறுதி பொய்த்தால் வெட்கப்படவும், செபிப்பதாகச் சொன்னால் செபிக்கவும் கூடிய ஒருவரை. செபவேண்டுதல்களைப் பெற்றுக்கொள்ளும் ஒரு மடம் கருவியைக் கொண்டு ஆயிரம் மறுமொழிகளை எழுதச் செய்யலாம். அந்த ஆயிரம் பெயர்களை யாரேனும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிச் செபித்தாரா என்பதை மறுமொழியின் வாசகத்திலிருந்து பெறுநரால் கண்டறிய முடியாது, மடத்தாருக்கு மட்டுமே அது தெரியும்.